இறங்கின பிறகு சைக்கிளை என்ன செய்கிறீர்கள்?

பழைய டைனமோ:

ஜப்பானில் ஒசாகா பக்கம் ஒரு சின்ன நகரத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு, நெதர்லாந்தின் உட்ரெக்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு இடத்திலும் கார் கிடையாது. வேலைக்கு, காய்கறிக்கு, பையனைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். போன வாரம் மச்சான் போனில் "ரெண்டும் சைக்கிள் ஊருதானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டார். ஓட்டுகிற விதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், பேசப் பேச எனக்கே வேறொன்று தட்டுப்பட்டது. ஓட்டும்போது எல்லா ஊர்க்காரனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். இறங்கி நிறுத்துகிற இடத்தில்தான் ஊர் தெரிகிறது.

ஜப்பானில் சைக்கிள் வாங்கினால் கடையிலேயே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், சட்டப்படி அது வேண்டும். ராத்திரி போலீஸ்காரர் நிறுத்தி அந்த எண்ணை வயர்லெஸ்ஸில் படித்துச் சரிபார்ப்பார் (வெளிநாட்டு முகம் என்றால் கொஞ்சம் அடிக்கடி). ஸ்டேஷன் பக்கம் கண்ட இடத்தில் சாய்த்துவிட்டுப் போக முடியாது, காசு கொடுத்து நிறுத்தணும். வந்த முதல் மாதம் அது தெரியாமல் ஒரு கடைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ரயில் ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்தால் சைக்கிள் இல்லை. எவனோ அடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன், ஆனால் என்னுடையது மட்டுமல்ல, அந்த வரிசையே காலி. நகராட்சி லாரியில் ஏற்றிப் போயிருக்கிறது. கிடங்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி. நடந்தே போய், அடையாள அட்டையும் சாவியும் காட்டி, 3,000 யென் கட்டினேன். அங்கே இருந்த பெரியவர் சீட்டைத் துணியால் துடைத்து, டயரை அழுத்திப் பார்த்துக் காற்று அடித்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் தந்து குனிந்து வணங்கினார். திட்டலாம் என்று போனவனுக்கு வாயே வரவில்லை.

இங்கே உட்ரெக்டில் ரயில் நிலையத்துக்கு அடியில் மூன்று அடுக்கில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம், 2019-ல் முழுதாகத் திறந்தார்கள். மிதித்துக்கொண்டே உள்ளே போகலாம், எந்த வரிசையில் இடம் இருக்கிறது என்று பலகை காட்டும், முதல் 24 மணி நேரம் இலவசம். இவ்வளவு இருந்தும் வெளியே பாலக் கம்பியில், மரத்தில், விளக்குக் கம்பத்தில், இன்னொருத்தன் சைக்கிள் மேலேயே கூட சைக்கிள். எல்லாம் துரு. மட்கார்டு கிழிந்து, சீட்டுக்கு மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை மாட்டி, மழையில் நனைந்து கிடக்கிறது. பூட்டு மட்டும் கட்டைவிரல் தடிமனுக்குச் சங்கிலி. சைக்கிளைவிடப் பூட்டு விலை அதிகம் என்பது இங்கே கேலி இல்லை, என் விஷயத்தில் நிஜமாகவே அப்படித்தான். நம் வீட்டில் விளக்குமாற்றை எப்படி வைத்திருப்போமோ அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். விளக்குமாற்றுக்கு யாராவது பாலிஷ் போடுவோமா? அது இல்லாமல் ஒரு நாள் ஓடுமா?

உங்கள் ஊரில் எப்படி, சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்வாசி:

சென்னையில் எப்படி என்று நான் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆபீஸ் ஐந்தரை கிலோமீட்டர். ஸ்கூட்டியில் நாற்பது நிமிடம், சைக்கிளில் இருபத்தெட்டு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சைக்கிள் வாங்கினேன், உடம்பு இளைக்க இல்லை. ஆனால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முதல் வாரம் முழுக்க "வண்டி ரிப்பேரா?" இரண்டாவது வாரம் "டயட்டா?" மூன்றாவது வாரம் பக்கத்து சீட் அண்ணா ரொம்ப அக்கறையாக, "ஏதாவது பணக் கஷ்டம்னா சொல்லும்மா" என்றார்.

நிறுத்துகிற கதை இன்னும் மோசம். கேட்டில் செக்யூரிட்டி கை காட்டி நிறுத்தி, "டெலிவரி எல்லாம் பின்பக்க கேட்டுங்க" என்றார். ஐடி கார்டு காட்டினேன். அப்புறம் அவருக்கும் தர்மசங்கடம், எனக்கும். டூ வீலர் பார்க்கிங்கில் நம்பர் பிளேட் பார்த்துத்தான் டோக்கன். என் சைக்கிளுக்கு நம்பர் இல்லை, அதனால் டோக்கன் இல்லை, அதனால் இடம் இல்லை. இப்போதைக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு குழாயில் கட்டிவிட்டுப் போகிறேன். டைனமோ சார், உங்கள் ஊரில் விளக்குமாறு என்கிறீர்கள். இங்கே அது விளக்குமாறுகூட இல்லை, ஆளுக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் மாறுகிற சாமான். ஹெல்மெட்டும் பளபளா டிரெஸ்ஸும் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஓட்டினால் "ஃபிட்னஸ்". சுடிதாரில் டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஓட்டினால் பாவம்.

கணக்கர்:

இழை நன்றாகப் போகிறது, ஆனால் இது "கலாச்சாரம்" என்ற பக்கம் சாய்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, அதனால் முன்கூட்டியே குறுக்கே விழுகிறேன். டச்சுக்காரன் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தான் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கேயும் எல்லா ஊரையும் போலக் கார்தான் தெருவைப் பிடித்தது. ஆம்ஸ்டர்டாமின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள், சதுக்கம் முழுக்கக் கார் நிற்கும். 1971-ல் ஒரே வருடத்தில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று தலைப்பிட்டு எழுதினார். அந்தத் தலைப்பையே பெயராக வைத்து ஓர் இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் நடுத்தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, நவம்பர் 4-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. காலியான நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள்.

1977-ல் க்ரோனிங்கன் நகரம் இன்னும் ஒரு படி போனது. ஊர் மையத்தை நாலு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்துவிட்டார்கள். சுற்றுச்சாலைக்கு வெளியே போய்த்தான் திரும்ப வரணும். சைக்கிளில் குறுக்கே இரண்டு நிமிடம். கடைக்காரர்கள் கத்தினார்கள். சத்தம் அடங்கியது, திட்டம் நிலைத்தது. 2023-ல் அந்த நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 684.

ஆகவே டைனமோ சொல்கிற விளக்குமாறு மனப்பான்மை முதலில் வந்து பாதை பிறகு வரவில்லை. சண்டை போட்டுப் பாதை வாங்கினார்கள், பாதை வந்த பிறகு சைக்கிள் விளக்குமாறு ஆனது.

வடமராட்சியான்:

கணக்கர் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பாதையும் இல்லாமல் ஒரு முழு ஊரே சைக்கிளில் ஓடினதைக் கண்டவன் நான். 90-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, தடை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள். விறகு, நெல்மூட்டை, தண்ணீர்க் கான், காய்ச்சலில் கிடக்கிற ஆச்சி, எல்லாம் கரியரில். ரியூஷன் விட்டால் ஒழுங்கை முழுக்கப் பெட்டைப் பிள்ளைகளின் சைக்கிள்தான், அதை ஒருவரும் புதினமாகப் பார்த்ததில்லை. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை, அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலை உழக்க, டைனமோவில் வயரைக் கொழுவி ரேடியோவில் செய்தி கேட்போம். உழக்குகிற தம்பி களைத்தால் செய்தியும் இழுபடும். 95 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிள்கள்தான் வீட்டையே சுமந்தன. பெரும்பாலும் உழக்கிக்கொண்டு அல்ல, உருட்டிக்கொண்டு.

அப்புறம் டென்மார்க் வந்தேன். வந்த கிழமையே பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தது. எனக்கா சைக்கிள் தெரியாது என்ற எடுப்பில் கோப்பன்ஹேகன் றோட்டில் இறங்கினேன். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேரிடம் ஏச்சு. அங்கே நிற்கப் போகிறாய் என்றால் கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் காட்டவேணும், பின்னால் வருகிறவனுக்கு. இடதுபக்கம் திரும்ப வேணும் என்றால் நடுவுக்கு வெட்டிப் போகக்கூடாது. நேரே சந்தியைக் கடந்து, அந்தக் கரையில் நின்று, பிறகு திரும்பிப் போகவேணும். இரண்டு தவணை. முந்துகிறவன் இடப்பக்கத்தால்தான் முந்துவான். நான் பாட்டுக்கு நடுவில் ஓடி, சட்டென்று பிரேக் பிடித்து, ஆரோ கூப்பிட்ட மாதிரி இருக்க நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு அம்மா, முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகள், அவ ஏசினது விளங்கவில்லை என்றாலும் விளங்கியது.

அங்கே மழையும் பனியும் சாட்டு இல்லை. பனி கொட்டினால் பெரிய சைக்கிள் பாதைகளை விடியவே வழித்துவிடுவார்கள். நோர்ப்ரோகேட என்ற வீதியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உழக்கினால் பச்சை விளக்கு வரிசையாக விழுந்துகொண்டே வரும், காலை நேரம் நகரத்துக்குள் போகிற பக்கம். எஸ்-ரயில் என்ற கோப்பன்ஹேகன் நகர ரயிலில் 2010-லிருந்து சைக்கிளுக்குக் காசு இல்லை. ஆனால் ஒன்று: நான் வந்த காலத்தில் கார் வாங்கினால் காரின் விலைக்கு மேல் 180 வீதம் வரை வரி. யாழ்ப்பாணத்தில் தடை, இங்கே வரி. மனிதர் நல்லவராக மாறிச் சைக்கிள் ஏறினதை நான் இரண்டு இடத்திலும் காணவில்லை.

பழைய டைனமோ:

வடமராட்சியான் அண்ணா, என் பெயரைப் பார்த்துத்தான் அந்த ரேடியோ விஷயம் எழுதினீர்களோ. இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் ஏச்சு வாங்கினீர்கள், நான் விழுந்தே விட்டேன். நம் சைக்கிளில் சிக்னலில் நிற்கும்போது என்ன செய்வோம்? புறங்காலால் பெடலைப் பின்பக்கமாக ஒரு தட்டு தட்டி, மேலே கொண்டுவந்து மிதிக்கத் தயாராக வைத்துக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து காலுக்கே தெரிந்த வேலை. இங்கே "பாட்டி சைக்கிள்" என்று ஒரு வகை, வளைந்த கைப்பிடி, நிமிர்ந்து உட்காரணும், கைப்பிடியில் பிரேக்கே இருக்காது. பெடலைப் பின்னால் மிதித்தால் அதுதான் பிரேக். முதல் நாள், சிக்னலை நெருங்கும்போது பழக்கதோஷத்தில் காலைப் பின்னால் சுழற்றினேன், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஈரச் செங்கல்லில் வழுக்கிப் படுத்தேன். எழுந்து பார்த்தால் பெடல் தவறான இடத்தில் நிற்கிறது. பின்னால் சுழற்ற முடியாது. சைக்கிளை முன்னே தள்ளித்தான் பெடலை மேலே கொண்டுவரணும். இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை கால் மறந்துபோகிறது.

இன்னொன்று. டபுள்ஸ். ஊரில் ஒரு காலத்தில் டபுள்ஸ் போனால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடும். ஜப்பானில் சின்னக் குழந்தையைச் சீட்டில் வைப்பது தவிர மற்றது தப்பு, குடை பிடித்து ஓட்டுவதும் தப்பு. 2026 ஏப்ரலிலிருந்து பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீலச்சீட்டு அபராதமே வந்திருக்கிறது, குடைக்கு 5,000 யென், போனைக் கையில் வைத்து ஓட்டினால் 12,000. ஒசாகா மாமிகள் கைப்பிடியில் குடையை மாட்ட ஒரு கொக்கி வைத்திருப்பார்கள், அவர்கள் என்ன செய்யப் போகிறார்களோ. இங்கேயும் போனைக் கையில் எடுக்கக்கூடாது, 2019 ஜூலையிலிருந்து. ஆனால் குடைக்கு ஒன்றும் இல்லை. டபுள்ஸைக் கேட்கவே வேண்டாம். ஓடுகிற சைக்கிளின் பின்னால் இரண்டு அடி ஓடி, கேரியரில் பக்கவாட்டாக ஏறி உட்காருகிறாள் கல்லூரிப் பெண். நம் ஊரில் அத்தைகள் ஏறுவார்களே, அதே ஏற்றம்.

மெல்பன் வெயில்:

தலைக்கவசத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். விக்டோரியா மாநிலத்தில் 1990-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் கவசம் வேண்டும், இல்லை என்றால் அபராதம். உயிர் காக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சைக்கிளையே வேறு பொருளாக்கிவிடுகிறது. ஏதோ ஆபத்தான காரியத்துக்குக் கிளம்புகிற மாதிரி. 2010-ல் ஊரில் நீல நிற வாடகை சைக்கிள் வந்தது. வழியில் பார்த்ததும் எடுத்துக்கொண்டு போவதுதான் அதன் அழகே, ஆனால் கையில் கவசம் இல்லாதவன் எப்படி எடுப்பான்? சைக்கிளிலேயே கவசத்தை மாட்டி வைத்தார்கள், யார் தலையில் இருந்ததோ என்று போட மனசு வரவில்லை. 2019-ல் மூடிவிட்டார்கள்.

என் ஆபீஸில் சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாம் ஒட்டின உடையில் வந்து, குளித்து, சட்டை மாற்றி உட்காருகிறார்கள். கீழே சைக்கிள் அறை, ஷவர், லாக்கர் எல்லாம் உண்டு. டைனமோ கேட்ட கேள்விக்கு எங்கள் ஊர்ப் பதில்: இங்கே சைக்கிள் விளக்குமாறு இல்லை, வீணை. துடைத்து, உறை போட்டு, வீட்டுக்குள் சுவரில் மாட்டுகிறோம்.

கணக்கர்:

மெல்பன், வீணை பிரமாதம். ஆனால் கவசத்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். 2023-ல் நெதர்லாந்துச் சாலைகளில் இறந்ததாக நான் சொன்ன 684 பேரில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள், கார்க்காரர்களைவிட அதிகம், அதில் நிறையப் பேர் வயதானவர்கள். பேட்டரி சைக்கிள் வந்த பிறகு எழுபது வயதுத் தாத்தாவும் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறார். தலையில் ஒன்றும் இல்லை. கட்டாயமாக்கினால் ஜனங்கள் சைக்கிளை விட்டுவிடுவார்கள் என்பதுதான் அங்கே சொல்லப்படுகிற பதில். எனக்கு அது பாதிதான் ஏற்கிறது. ஜப்பான் 2023-ல் செய்தது நடுவழி: எல்லாரும் போட "முயல வேண்டும்", போடாவிட்டால் அபராதம் இல்லை.

துவாஸ் தம்பி:

எல்லோரும் வணக்கம். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. படித்தவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே சைக்கிள் மூன்று சாதி. ஒன்று அதிகாலை கூட்டமாகப் போகிற விலை உயர்ந்த சைக்கிள். இரண்டு சனி ஞாயிறு பூங்கா இணைப்புப் பாதையில் குடும்பமாகப் போகிறது. மூன்று நாங்கள். விடுதியிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து விடுதிக்கு. ஊருக்குப் போகிற ஆளிடம் நாற்பது ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்குவோம், நாம் போகும்போது அடுத்தவனுக்குக் கொடுப்போம். என் சைக்கிள் எனக்கு முன்னால் குறைந்தது மூன்று பேர் ஓட்டியது, ஹேண்டில்பாரில் யாரோ ஒருத்தர் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார், நான் அவிழ்க்கவில்லை.

நடைபாதையில் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதையில் 25. லாரி போகிற ரோட்டில் பயம், அதனால் நடைபாதைதான். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளணும். சோற்று பார்சல் முன்கூடையில் ஆடிக்கொண்டே வரும், குழம்புப் பையைத் தனியாக ஹேண்டிலில் மாட்டணும், கூடையில் போட்டால் உடையும். நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். விடுதி வாசலில் நூற்றுக்கணக்கில் நிற்கும், எல்லாம் ஒரே மாதிரி. சிவப்பு நூலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

புதுகை 622:

துவாஸ் தம்பி, படித்தவர்கள் பேசுகிற இடம் என்று ஒதுங்காதீர்கள், இந்த இழையில் உருப்படியான பதிவு உங்களுடையது.

அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று ஓஎம்ஆர்வாசி சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. புதுக்கோட்டையில் 91, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றதாகக் கணக்கு, அதில் என் அம்மாவும் ஒருத்தர். பொம்பளை சைக்கிள் ஓட்டினால் தெருவில் கிண்டல் பறந்த காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று அப்பாவின் பெரிய சைக்கிளிலேயே குரங்குப் பெடல் போட்டுப் பழகினார். பிறகு லேடீஸ் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பாரில் என்னை உட்கார வைத்து, கேரியரில் குடம் வைக்க அந்தப் பெரிய சைக்கிள்தான் தோது. பார் நடுவில் துண்டைச் சுற்றித் தருவார், அப்படியும் தொடை வலிக்கும். இப்போது அம்மாவுக்கு அறுபத்தி நாலு. தெருவில் எல்லோர் வீட்டிலும் ஸ்கூட்டி. "இன்னும் சைக்கிளா?" என்று அம்மாவைக் கேட்கிறார்கள். அன்றைக்கு ஓட்டியதற்குக் கிண்டல், இன்றைக்கு விடாததற்குக் கிண்டல்.

ஓஎம்ஆர்வாசி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஒரு விஷயம் சொல்லணும். சைக்கிள் நிறுத்த இடம் கேட்டு அட்மினுக்கு மெயில் போட்டேன். "சைக்கிளில் வரும் ஊழியர்கள் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை, எண்ணிக்கை கூடினால் பரிசீலிக்கலாம்" என்று பதில். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று கனமழை. குழாய்ப் பக்கம் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கே கட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, டெலிவரிக்குப் பின்பக்கம் போகச் சொன்னாரே அதே செக்யூரிட்டி அண்ணன், "என் கூட வாங்க" என்று காம்பவுண்டு சுவருக்கு வெளியே, டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். தகர ஷெட். உள்ளே பதினாலு சைக்கிள். எண்ணினேன். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேன்டீன் பசங்கள், தோட்டக்காரர், இவருடையது எல்லாம் சேர்த்து. வருடக்கணக்காக அங்கேதான் நிறுத்துகிறார்களாம், உள்ளே விட மாட்டார்கள் என்று யாரும் கேட்டதே இல்லையாம். ஷெட்டுக்கு டீக்கடைக்காரர் வாடகை வாங்குவதில்லை, காலையில் ஒரு டீ குடித்தால் போதும்.

இப்போது என் சைக்கிளும் அங்கே. மெயிலுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன், "எண்ணிக்கை பதினைந்து" என்று. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். அனுப்பினால் அந்த ஷெட்டுக்கே ஏதாவது வந்துவிடுமோ என்று அந்த அண்ணன் பயப்படுகிறார்.

கணக்கர்:

அனுப்புங்கள். க்ரோனிங்கன்காரர்களும் பயந்திருந்தால் நான் மேலே எழுதியிருக்க மாட்டேன்.

வடமராட்சியான்:

கணக்கர், உங்களுக்குச் சொல்ல லேசு. வேலை போனால் அது அந்தப் பதினாலு பேருக்குத்தான் போகும். தங்கச்சி, முதலில் அவர்களைக் கேளுங்கோ.

ஓஎம்ஆர்வாசி:

அதைத்தான் செய்யப் போகிறேன் அண்ணா. நாளை காலை டீ நேரத்தில் எல்லோரும் இருப்பார்கள்.

பழைய டைனமோ:

கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அப்புறம் தகர ஷெட் என்கிறீர்கள், மதியம் கொதிக்கும், சீட்டுக்கு ஒரு துணிப்பை மாட்டுங்கள். இங்கே மழைக்கு மாட்டுகிறோம், அங்கே வெயிலுக்கு.